ஆடியில் எடுத்த வண்டி

கல்யாணமாகி இதே ஊரின் மர்பி டவுன் பகுதிக்கு வந்த நாளிலிருந்து என் கணவரின் அண்ணன் டெரிக்குடைய காரின் பின்சீட்டில்தான் என் வாழ்க்கை ஓடியது. ஞாயிறு பூசைக்கு, கல்யாணங்களுக்கு, சாவு வீடுகளுக்கு, வருடத்துக்கு ஒருமுறை வேளாங்கண்ணிக்கு, எல்லாவற்றுக்கும் அதே பின்சீட்டு. முன்னால் டெரிக்கும் என் கணவர் ஓஸ்வால்டும். பின்னால் நானும் டெரிக்கின் மனைவி டோரீனும். அண்ணன் தம்பி இருவருக்கும் இது பெரிய பாசம். எனக்கு முழங்கால் வலி.

உட்கார்ந்து போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். காத்திருப்பதுதான் என் உயிரை வாங்கியது. கோயிலில் பூசை முடிந்ததும் டெரிக்கின் சொந்தப் பூசை ஆரம்பமாகும். பங்குப் பேரவைக்காரர்கள், பாட்டுக் குழு, மெழுகுவர்த்தி விற்பவர், யாரையும் விடமாட்டார். ஒவ்வொருவர் தோளிலும் கையைப் போட்டு, குடும்பத்தை விசாரித்து, அரசியலை அலசி முடிப்பதற்குள் வாசலே காலியாகிவிடும். சாவி அவர் பாக்கெட்டில். நாங்கள் மூன்று பேரும் வெயிலோ தூறலோ பூட்டிய காருக்குப் பக்கத்தில் நிற்போம். "மாமா, போலாமா?" என்று நான் கூப்பிட்டால் திரும்பாமலே ஐந்து விரலைக் காட்டுவார். ஐந்து நிமிஷமாம். டோரீன் அக்கா கைப்பையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றிக்கொள்வாரே தவிர வாயைத் திறக்கமாட்டார்.

என் மகள் மரியா ஆறாவது படிக்கும்போது ஆண்டு விழாவில் ஒப்பித்தல் போட்டிக்குப் பரிசு வாங்கினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். "டிராஃபிக்" என்றார் டெரிக். டிராஃபிக்காவது மண்ணாவது, வழியில் ஒரு சிநேகிதரைப் பார்த்துவிட்டு இறங்கிப் பேசிக்கொண்டிருந்தார். மரியா இப்போது புனேயில் வேலை பார்க்கிறாள். அவள் அதை மறந்துவிட்டாள், நான் மறக்கவில்லை.

ஆட்டோவில் போகக் கூடாதா என்று கேட்பீர்கள். ஒருமுறை போனேன். "அண்ணன் வண்டி இருக்கும்போது ஆட்டோவா?" என்று டெரிக் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஓஸ்வால்ட் அந்த ஒரு மாதமும் சரியாகச் சாப்பிடவில்லை. அவர் அப்படிப்பட்ட மனிதர். யார் மனமும் கோணக் கூடாது. அதோடு அவருக்குப் பொய்யும் சொல்ல வராது. வாய் தப்பி ஒன்று சொல்லிவிட்டாலும் இரண்டு காதும் சிவந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இந்த வருடம் ஜூலை மாதம் டெரிக் எங்கள் வீட்டுக்கு வந்து, ஃபேனுக்கு அடியில் இருக்கும் நாற்காலியில் உட்கார்ந்து விஷயத்தை அவிழ்த்தார்.

"தம்பி, நான் பெரிய வண்டிக்கு புக் பண்ணிட்டேன். இந்த மெரூன் வண்டிய வெளியாளுக்குக் குடுக்க மனசு வரல. நீயே வச்சுக்கோ. ரேட்டு நமக்குள்ள பாத்துக்கலாம்."

முந்தின வண்டியை விற்றுவிட்டு அவர் வாங்கி, பத்து வருடம் ஓட்டிய டீசல் வண்டி அது. அந்தப் பின்சீட்டின் ஒவ்வொரு ஸ்பிரிங்கையும் எனக்குத் தெரியும்.

"யார் ஓட்டறது மாமா? இவருக்குத்தான் டிரைவிங் வராதே" என்றேன்.

"ஏன், நான் இல்லயா? இது டீசலும்மா, கிளட்ச் ஹெவி. உனக்கு ஆகாது. எங்கயாவது போகணும்னா ஒரு போன் போடு. ஒரு சாவி எங்கிட்டயே இருக்கட்டும்."

அதாவது நாங்கள் பணம் கொடுத்து வாங்கிய காரில் அவர் ஓட்டுவார், நான் பின்னால் உட்கார வேண்டும். ஓஸ்வால்ட் தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தில் காபித் தம்ளரை டீப்பாயில் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும்.

"வேணாம் மாமா. நான் புது வண்டி வாங்கப் போறேன். எம்பேர்ல. ஆட்டோமேட்டிக்."

வாய் சொன்ன பிறகுதான் மனசுக்கே தெரிந்தது. ஆனால் ஆதாரமில்லாமல் சொல்லவில்லை. அல்சூரில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் லைசென்ஸ் எடுத்து இரண்டு வருடம் ஆகிறது. கணக்கு டீச்சராக இத்தனை வருடம் சேர்த்த பணமும் பேங்கில் இருந்தது.

டெரிக் சிரித்தார். "நீயா? ஷோரூம்காரன் உன்னையே வித்துடுவாம்மா." பிறகு தம்பியிடம் திரும்பினார். "சரி, மாசக் கடைசி ஞாயிறு கோயில்ல வண்டி மந்திரிக்கறாங்கல்ல? அதுக்குள்ள இவ வண்டி வந்தா சந்தோஷம். வரலன்னா நீ இத எடுத்துக்கோ. என்ன சொல்ற?"

"சரிண்ணா" என்றார் என் கணவர். என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிரயாணிகளின் பாதுகாவலரான புனித கிறிஸ்தோபரின் திருநாளை ஒட்டி எங்கள் பங்கில் வண்டிகளை மந்திரிப்பது வழக்கம். சைக்கிளிலிருந்து தண்ணீர் லாரி வரை வரிசையில் நிற்கும். அந்த ஞாயிற்றுக்கிழமை என் வண்டி வரிசையில் நிற்க வேண்டும். இல்லையென்றால் சாகும்வரை எனக்குப் பின்சீட்டுதான், ஏனென்றால் ஓஸ்வால்ட் ஒரு வாக்கைக் கொடுத்தால் ஆண்டவரே வந்து சொன்னாலும் மாற்றமாட்டார்.

அதற்கு முந்தின வாரச் சனிக்கிழமை, பள்ளிக்கு ஓட்டும் என் ஸ்கூட்டரில் அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஓல்டு மெட்ராஸ் ரோட்டில் இருக்கும் ஒரு ஷோரூமுக்குப் போனேன். வழி நெடுக ஒரே பாடம்தான். "நீங்க வாயத் தொறக்காதீங்க. பேரம் நான் பேசறேன். காபி குடுத்தா குடிங்க, அவ்ளோதான்." எல்லாவற்றுக்கும் "சரி, சரி" என்றார்.

ஷ்ரேயாஸ் என்ற பையன் வந்தான். மரியா வயது இருக்கும். இஸ்திரி கலையாத சட்டை, கன்னட வாசனையோடு நல்ல தமிழ். எனக்கு வண்டியைச் சுற்றிக் காட்டினான். நீல நிறம், சின்ன வண்டி, ஆட்டோமேட்டிக். ஸ்டீரிங்கைப் பிடித்து உட்கார்ந்தபோது இறங்க மனமே வரவில்லை. ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல், ஏதோ கத்திரிக்காயைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு இறங்கினேன்.

அதற்குள் அவன் ஓஸ்வால்டுக்குக் காபி கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து, "டெலிவரி எப்போ பிளான் சார்?" என்று கேட்டுவிட்டான்.

"மாசக் கடைசி ஞாயிறு எங்க கோயில்ல வண்டி மந்திரிக்கறாங்க. அதுக்குள்ள வேணும்பா. கண்டிப்பா வேணும்."

திறந்து கிடக்கும் பால் பாத்திரத்தைப் பார்த்த பூனைபோல் அந்தப் பையன் முகம் மலர்ந்தது. உள்ளே போய்விட்டு வந்தவன் ஒரு தாளை என் முன்னால் வைத்தான்.

"மேடம், ப்ளூ ஆட்டோமேட்டிக் ஒண்ணே ஒண்ணுதான் ஸ்டாக்ல இருக்கு. மத்ததெல்லாம் வெயிட்டிங். சண்டேக்குள்ள வேணும்னா பேக்கேஜோடதான் வரும்."

பேக்கேஜ் என்றால் சீட் கவர், மிதியடி, பெயின்டுக்கு மேல் ஏதோ பூச்சு, கதவில் ஒட்டும் வெள்ளி நிறப் பட்டை, அவர்களிடமே எடுக்க வேண்டிய இன்சூரன்ஸ், எதற்கென்றே தெரியாத ஹேண்ட்லிங் சார்ஜ், கடைசியாக ஐந்து வருட வாரண்டி. எல்லாம் கூட்டினால் இன்னொரு ஸ்கூட்டரே வாங்கிவிடலாம்.

உண்மையைச் சொல்கிறேன், அந்த ஐந்து வருட வாரண்டி எனக்கு வேண்டும். வண்டி நடுரோட்டில் நின்றால் ஓஸ்வால்ட் உடனே அண்ணனுக்குத்தான் போன் போடுவார். அண்ணன் தன் மெக்கானிக்கோடு வருவார். அப்புறம் வண்டி யாருடையது என்பதே மறந்துபோகும். வாரண்டி இருந்தால் கம்பெனிக்குப் போன் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஐந்து வருடம் டெரிக்கின் உதவி தேவைப்படாது என்பதற்கு நான் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பேன். ஆனால் அதை அவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்?

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்தேன். வாரண்டி கொடுப்பது வண்டி செய்த கம்பெனி இல்லை, இந்த ஷோரூமே. இவர்களுடைய ஒர்க்ஷாப்பில் மட்டும்தான் செல்லும். கியர்பாக்ஸ் சேராது, எலக்ட்ரிக்கல் சேராது.

"அப்போ எதுக்குத்தாம்பா வாரண்டி? ஹாரனுக்கா?"

"சும்மனே டென்ஷன் ஆகறீங்க மேடம். கம்பெனி வாரண்டி வேணும்னா தரலாம். அது எக்ஸ்ட்ரா."

எழுந்துவிட்டேன். ஓஸ்வால்ட் என் காதருகில், "கேக்கறதக் குடுத்துட்டு எடுத்துடலாமே லவினா" என்றார். அவரை நான் பார்த்த பார்வையில் மீதிக் காபியைக் குடிக்காமலே எழுந்து வந்தார். சாயங்காலம் டெரிக்கிடமிருந்து போன். "என்னம்மா, வித்துட்டானா உன்ன? நான் இங்க வண்டிய பாலிஷ் போட்டு வச்சிருக்கேன்." அன்று ராத்திரி சமைத்த குழம்பில் உப்பும் காரமும் தாறுமாறாக இருந்தன. ஓஸ்வால்ட் குறை சொல்லாமல் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை பள்ளியில் என்னோடு வேலை பார்க்கும் ராதாவிடம் கொட்டித் தீர்த்தேன். ராதா மல்லேஸ்வரத்துக்காரி. முழுவதும் கேட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஏண்டி, எந்த மாசத்துல கார் வாங்கப் போயிருக்க நீ?"

"ஜூலைல. ஏன்?"

"ஜூலையாம் ஜூலை. எங்களுக்கு ஆடி நடக்குது. கன்னடக்காரங்களுக்கு ஆஷாடம். ரெண்டும் சேந்து வந்திருக்கு. இந்த ஊர்ல எவனாவது இப்போ புது வண்டிய வீட்டுக்குக் கொண்டுவருவானா? எங்க மச்சினர் கிஷோர் அதே ஷோரூம்லதான் புக் பண்ணியிருக்கார். வண்டி வந்து யார்டுல கெடக்கு, எடுக்கமாட்டேங்கறார். மேனேஜர் தினம் போன் பண்ணிக் கெஞ்சறானாம், இந்த மாசமே எடுத்துக்கோங்க, எங்களுக்கு மாசக் கணக்கு இடிக்குதுன்னு."

"அவர் வண்டி என்ன கலர்?"

"ப்ளூதான். அங்க எல்லாக் கலரும் ரொம்பிக் கெடக்காம், நிறுத்த எடமில்லாம."

எனக்கு என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது. தவக்காலத்தில் கல்யாணம் வைக்கக் கூடாது என்று எங்களுக்குத் தெரியும். ஆடியில் ராதா வீட்டில் கல்யாணம் நடக்காது என்பதும் தெரியும். காருக்கும் அது உண்டு என்று பிறந்ததிலிருந்து இந்த ஊரில் இருக்கும் எனக்குத் தோன்றவே இல்லை. ஊரே எடுக்காத மாதத்தில் எடுக்கிறேன் என்று வந்து நின்ற ஆள் நான். என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடாமல், வெயிட்டிங் என்று சொல்லி என் தலையிலேயே மிளகாய் அரைக்கப் பார்த்திருக்கிறான் அந்தப் பையன்.

சரி, இப்போது அவசரம் அவர்களுக்குத்தான். நான் போய் "எனக்கு அவசரமில்லை" என்று சொன்னால் போதும். ஆனால் ஓஸ்வால்ட்? அவர்கள் உடனே அவரைப் பார்ப்பார்கள், அவர் காது சிவந்துவிடும். வண்டி என் பெயரில் என்றாலும் அவரை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அவரை மாற்ற முடியாது, அதனால் அவசரமில்லை என்பதையே உண்மையாக்கிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

அன்று மாலை அவரையும் அழைத்துக்கொண்டு பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனேன். அவர் கொடிமரத்துக்குப் பக்கத்தில் மைக் செட்காரரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"ஃபாதர், அந்த ஞாயிறுக்குள்ள எங்க வண்டி வரலன்னா ஆகஸ்ட்ல வந்தா மந்திரிப்பீங்களா?"

"எப்ப வந்தாலும் கொண்டாம்மா. தீர்த்தம் என்ன தீந்தா போகப்போகுது?"

"கேட்டுக்கிட்டீங்களா?" என்று ஓஸ்வால்டிடம் கேட்டேன். கேட்டுக்கொண்டேன் என்றார். காது சாதாரணமாகத்தான் இருந்தது. அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு அப்படியேதான் இருந்தது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும், ஆனால் அதை ஷோரூமில் யாரும் கேட்கப்போவதில்லை என்று நினைத்தேன்.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும் நேரே ஷோரூமுக்குப் போனோம். செவ்வாய், ராகு காலம், ஆடி, ஆஷாடம் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த நேரம் என்று ராதா சொல்லி அனுப்பியிருந்தாள். ஷோரூமில் எங்களைத் தவிர ஈ காக்கை இல்லை. இரண்டு பையன்கள் ஏற்கெனவே பளபளவென்று இருந்த வண்டியை மறுபடியும் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"ஷ்ரேயாஸ், நாங்க நல்லா யோசிச்சோம்" என்றேன். "ஆடி, ஆஷாடம் எல்லாம் முடியட்டும். ஆகஸ்ட் கடைசில நல்ல மாசமா பாத்து எடுத்துக்கறோம்."

அவன் முகம் விழுந்தது. "மேடம், நீங்க கிறிஸ்டியன்தானே?"

"ஆமா. கிறிஸ்டியன் நல்ல நாள்ல வண்டி எடுக்கக் கூடாதா?"

அவன் உள்ளே ஓடி மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தான். வெங்கடகிருஷ்ணன் என்று பெயர். நெற்றியில் மெல்லிய சிவப்பு ஸ்ரீசூர்ணக் கோடு, பழம் தின்று கொட்டை போட்ட ஆள் என்று நடையிலேயே தெரிந்தது. கண்ணாடி மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"சண்டே சர்ச்சுல ப்ளெஸ்ஸிங்னு சார் சொன்னாராமே."

"ஃபாதர் எப்ப வேணா பண்றேன்னுட்டார்."

அவர் என்னை விட்டுவிட்டு ஓஸ்வால்டைப் பார்த்தார். எதிர்பார்த்ததுதான். "அப்படியா சார்?"

"ஆமா சார். எங்கிட்டயே சொன்னாரு."

காது சிவக்கவில்லை. மேனேஜர் தொண்டையைச் செருமினார். சீட் கவர் இலவசம் என்றார். மிதியடியும் இலவசம் என்றார். நான் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தேன். சரி, உங்களுக்கு என்னதான் வேண்டும், சொல்லுங்கள் என்றார்.

சொன்னேன். பேக்கேஜ் வேண்டாம். ஹேண்ட்லிங் சார்ஜ் தரமாட்டேன். இன்சூரன்ஸ் என் இஷ்டம். கம்பெனியின் ஐந்து வருட வாரண்டி வேண்டும், அது அவர்கள் செலவு. அப்படியென்றால் இந்த மாதமே எடுக்கிறேன், சனிக்கிழமை வண்டி வர வேண்டும்.

"மத்ததெல்லாம் பேசலாம் மேடம். கம்பெனி வாரண்டிக்கு நாங்க கைக்காசு போடணும். பாதி நீங்க, பாதி நாங்க."

"முழுசும் நீங்க."

அவர் சிரித்தார். ஃபைலை மூடினார். "அப்போ ஆகஸ்ட்லயே எடுத்துக்கோங்க மேடம். நோ ப்ராப்ளம். நல்ல மாசம், நல்ல முடிவு."

அவர் என்னைச் சோதிக்கிறார் என்று தெரிந்தது. எழுந்து போனால் ஜெயித்தாலும் ஜெயிக்கலாம், கூப்பிடாமல் விட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அந்த மெரூன் வண்டி எங்கள் வாசலில் நிற்கும். பாதிப் பணத்தைக் கொடுத்துத் தொலைக்கலாமா என்று வாய்வரை வந்துவிட்டது. எழுந்திருக்கவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை. அப்படி உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு வியர்க்கிறது.

மேனேஜர் அந்த இடைவெளியில் நைசாக ஓஸ்வால்டிடம் திரும்பினார். "சார், உங்களுக்கு ஆகஸ்ட் ஓகேதானே?"

நான் மேஜைக்கு அடியில் அவர் காலை ஓங்கி மிதித்தேன். மேஜை கண்ணாடி என்பதை மறந்துவிட்டேன். மேனேஜரும் ஷ்ரேயாஸும் என் செருப்பையே பார்த்தார்கள்.

ஓஸ்வால்ட் காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "எனக்கு ஆகஸ்ட் வேணாம் சார்" என்றார்.

எல்லாம் முடிந்தது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஆகஸ்ட்ல எங்களுக்கு வண்டியே தேவப்படாது சார். எங்க அண்ணன் தன்னோட வண்டிய குடுக்கறேங்கறாரு. ஞாயித்துக்கெழமைக்குள்ள புது வண்டி வரலன்னா அதையே எடுத்துக்கறேன்னு வாக்கு குடுத்துட்டேன். டீசல் வண்டி. நல்லா பாலிஷ் போட்டு வச்சிருக்காரு. பேட்டரி கூட போன மாசம்தான் மாத்துனாராம்."

கண்ணைத் திறந்தேன். மேனேஜர் ஓஸ்வால்டின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தில் ஒரு சொட்டுப் பொய் கிடையாது. இத்தனை வருடம் கார் விற்றவருக்கு அது தெரியாதா? ஆகஸ்டில் வருவேன் என்ற வாடிக்கையாளர் ஒரேயடியாகக் கைநழுவிப் போகிறார், அதுவும் ஒரு பழைய டீசல் வண்டிக்கு. இங்கே யார்டு நிறைய எடுப்பாரில்லாத வண்டிகள். ஷ்ரேயாஸ் தன்னை மறந்து, "அய்யோ, பேடா சார், டீசல் பேடா!" என்று கன்னடத்திலேயே வேண்டாம் வேண்டாம் என்றான்.

என் முதுகு தானாக நிமிர்ந்தது. "இவரு வாக்கு குடுத்தா குடுத்ததுதான்" என்றேன். "நானே ஒண்ணும் பண்ண முடியாது."

மேனேஜர் போனை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைக்குள் போனார். கையை ஆட்டி ஆட்டிப் பேசுவது வெளியே தெரிந்தது. திரும்பி வந்து ஃபைலைத் திறந்தார்.

"கம்பெனி வாரண்டி அஞ்சு வருஷம், எங்க செலவு. ஹேண்ட்லிங் எடுத்துடறேன். இன்சூரன்ஸ் உங்க இஷ்டம். ஆனா இன்னிக்கே கையெழுத்து போடணும்."

"பேப்பர்ல கம்பெனி பேர் இருக்கணும். எந்த ஊர் ஒர்க்ஷாப்லயும் செல்லணும். கியர்பாக்ஸ் சேரணும்."

"எல்லாம் சேரும் மேடம்."

"அந்தக் கதவுல ஒட்டற வெள்ளிப் பட்டை?"

"ஃப்ரீயா வேணுமா மேடம்?"

"ஒட்டாதீங்கன்னு சொல்ல வந்தேன்."

தாள் வந்ததும் பின்பக்கப் பொடி எழுத்து உட்பட ஒரு வரி விடாமல் படித்தேன். இருவரும் கைகட்டிக் காத்திருந்தார்கள். யாரோ எனக்காகக் காத்திருப்பது எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா? வேண்டுமென்றே கொஞ்சம் மெதுவாகப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் ஓஸ்வால்ட் பயந்துகொண்டே, "கோவமா லவினா? அவரு கேட்டாரு, உள்ளதச் சொன்னேன்" என்றார். ஓல்டு மெட்ராஸ் ரோட்டின் அத்தனை புகைக்கும் நடுவில் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"ஒண்ணு கேக்கறேன். உங்களுக்கு அண்ணன் வண்டி வேணும்னு இருந்துச்சா?"

"இல்ல. மரியா பரிசு வாங்கினத நானும்தானே பாக்கல" என்றார். அவருக்கு அது நினைவிருக்கும் என்று நான் ஒரு நாளும் எண்ணியதில்லை. எனக்கு அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது. ஸ்கூட்டர் சாவியைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

சனிக்கிழமை டெலிவரி. அந்த வாரம் முழுக்க வேறு டெலிவரி இல்லாததால் மொத்த ஷோரூமும் எனக்குக் கை தட்ட வந்து நின்றது. கேக் வெட்டினோம். ஷ்ரேயாஸ் நாலு எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "மேடம், வைக்கலாமா?" என்று தயங்கினான். "வைப்பா, எல்லாச் சாமியும் வரட்டும்" என்றேன். பழங்களை நசுக்கிக்கொண்டு நானே ஓட்டி வெளியே வந்தேன். ஓஸ்வால்ட் பக்கத்தில் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு செபமாலை சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாள் பூசை முடிந்து வண்டிகளை மந்திரித்தார்கள். ஒரு ஆட்டோவுக்கும் ஒரு பால் வேனுக்கும் நடுவில் என் நீல வண்டி நின்றது. ஃபாதர் வஞ்சனையில்லாமல் தீர்த்தம் தெளித்தார், என் கண்ணாடியெல்லாம் நனைந்தது. டெரிக் மெரூன் வண்டியில்தான் வந்திருந்தார். அவருடைய பெரிய வண்டி இன்னும் வரவில்லையாம். என் வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார்.

"வாரண்டி எவ்ளோ?"

"அஞ்சு வருஷம் மாமா. கம்பெனியோடது."

"அதுக்கு எவ்ளோ புடுங்கினான்?"

"ஒரு பைசா இல்ல. அவங்க செலவு."

இன்னொரு டயரையும் உதைத்துப் பார்த்தார். அப்புறம் பங்குப் பேரவைக்காரர்களைத் தேடிப் போனார். போன வேகத்திலேயே ஒருவர் தோளில் கை விழுந்தது. பேச்சு ஆரம்பமாகிவிட்டது.

நான் வண்டியைக் கிளப்பினேன். பக்கத்து சீட் காலியாக இருந்தது. எங்கே இந்த மனிதர் என்று பார்த்தால், பழக்கதோஷத்தில் மெரூன் வண்டிக்குப் பக்கத்தில் போய் டோரீன் அக்காவோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஏங்க, அங்க என்ன பண்றீங்க? நம்ம வண்டி இங்க இருக்கு."

அவர் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். டோரீன் அக்கா மட்டும் பூட்டிய கதவுக்குப் பக்கத்தில், தோளில் பையோடு நின்றார். எனக்கு அவரை அப்படி விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

"அக்கா, நீங்களும் வர்றீங்களா?"

அவர் ஒருமுறை டெரிக்கின் முதுகைப் பார்த்தார். பிறகு விறுவிறுவென்று நடந்து வந்து, ஓஸ்வால்ட் கை வைப்பதற்கு முன்னால் முன்பக்கக் கதவைத் திறந்து என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். ஓஸ்வால்ட் பின்னால் ஏறிக்கொண்டார்.

"மாமாகிட்ட சொல்ல வேணாமாக்கா?"

"வீட்டுக்குப் போய் போன் பண்ணிக்கலாம். நீ எடு."

கோயில் கேட்டைத் தாண்டும்போது டெரிக் எங்களைப் பார்த்துவிட்டார். பேச்சை நிறுத்தாமல், வழக்கம்போல் கையைத் தூக்கி ஐந்து விரலைக் காட்டினார். டோரீன் அக்கா ஜன்னல் கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, அவருக்கு டாட்டா காட்டினார்.